பேர் யாருக்கு விழுகிறது?

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தின் கடைசியில் ஒரு அக்கா எழுந்து கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மட்டக்களப்புப் பக்கம் வயல் செய்றவங்களுக்கு அரசாங்கம் பேங்க்ல காசு போடுதாம். நாங்களும்தானே மலையில கான் வெட்டி மண்ணைக் காப்பாத்துறோம். எங்களுக்கு ஏன் ஒண்ணுமில்ல?" என்று கேட்டார். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, கூட்டம் கலைந்தது. பதிலை அடுத்த முறை சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். இடையில் மட்டக்களப்புக்கும் ஒரு தடவை போய்வந்தோம். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத லயம் நம்மிடம் குறைவு. 1958, 1977, 1983 வன்செயல்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று போய்த் தங்கியவர்கள் நம்முடைய ஆட்கள்தான். அங்கே நடப்பது நமக்குத் தூரத்துக் கதை அல்ல.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். இங்கே பாதிப் பேர் கிழக்கைப் பார்த்ததில்லை. மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். பட்டினமும் பெரிய ஊர்களும் அங்கே. சூரியன் எழும் பக்கம் என்பதால் அதற்கு எழுவான்கரை என்று பேர். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எல்லாம் அந்தப் பக்கம். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி என்று பெரிய குளங்கள். மாரிமழையை நம்பிச் செய்வது பெரும்போகம், குளத்துத் தண்ணீரில் செய்வது சிறுபோகம்.

அந்த வயல்களில் இருந்து வடிகிற தண்ணீர் பெரும்பாலும் வாவிக்குத்தான் வந்து சேருகிறது. மேற்கே ஊவா மலைகளின் அடிவாரத்திலிருந்து வருகிற ஆறுகளும் அப்படி. கல்லோயா கூட பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, இடதுகரை வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்கிறது. அந்த வயல் வடிநீரில் ஒரு பங்கும் தெற்கு வாவியில்தான் கலக்கிறது. ஆகவே மலையில் இருக்கிற நாம் இதில் சம்பந்தமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது.

வாவியில் தோணி விடுகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்கிறார்கள். கொய், இறால், நண்டு இவைதான் அவர்களுடைய சம்பளம். வயலுக்குப் போடுகிற யூரியாவில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பாதிக்கும் குறைவு. மிச்சத்தில் ஒரு பங்கு காற்றோடு போகிறது, ஒரு பங்கு தண்ணீரோடு போகிறது. தண்ணீரோடு போனது வாவியில் பாசியையும் ஆற்றுவாழையையும் வளர்க்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் பாலமீன்மடு முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடச் சொல்லி வயல்காரர் நெருக்குவார்கள். இறால் போய்விடும், பொறுங்கள் என்று மீன்பிடிகாரர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் கச்சேரியில்தான் முடிவு.

இனி அக்கா கேட்ட காசுக்கு வருவோம்.

அரசாங்கம் கமக்காரருக்குப் பசளை மானியம் கொடுக்கத் தொடங்கியது 1962இல். அன்றைக்கு நோக்கம் மண்ணைக் காப்பதல்ல. புதிய நெல்லினங்களுக்குப் பசளை தேவை, அரிசியில் நாடு தன்னிறைவு காண வேண்டும், அவ்வளவுதான். இடையில் நின்றும் மாறியும் வந்தது. 2005 கடைசியில் 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்கு வந்தது. மலிவாய்க் கிடைத்தால் மனிதன் என்ன செய்வான்? கொஞ்சம் கூடவே அள்ளிப் போடுவான். 2016இல் மூட்டையை நிறுத்திக் காசாகக் கொடுத்தார்கள், வருஷத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000. 2018இல் மறுபடியும் மூட்டை, 500 ரூபா. 2020இல் நெல்லுக்கு இலவசம்.

2021 நடந்ததை நாமும் அனுபவித்தோம். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மண்ணையும் தண்ணீரையும் சனங்களின் உடம்பையும் காக்க என்று காரணம் சொன்னார்கள். சேதனப் பசளை நீங்களே செய்யுங்கள், ஹெக்டேயருக்கு 12,500 ரூபா தருகிறோம், இரண்டு ஹெக்டேயர் வரைக்கும் என்றார்கள். படுவான்கரையில் ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார்: "சாணியும் இலைதழையும் மக்கிறதுக்கு மாதக்கணக்காகும் மகன். கெசட் அடிக்கிறதுக்கு ஒரு ராவு போதும்." நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. தேயிலையிலும் அதே கதைதான். 2021இல் நாட்டின் தேயிலை ஏறத்தாழ 30 கோடி கிலோ, 2022இல் ஏறத்தாழ 25 கோடி. மட்டக்கொழுந்து எடுத்து எடைக்கு நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நல்ல நோக்கத்தை அவசரத்தில் செய்து கெடுத்ததற்கு இதைவிட உதாரணம் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதன் பிறகு மூட்டைக்குப் பதிலாக மறுபடியும் காசு. 2022/23 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 10,000, அடுத்த பெரும்போகத்தில் 15,000, 2024/25 பெரும்போகத்தில் 25,000. இரண்டு ஹெக்டேயருக்கு மேல் கிடையாது. கமக்காரரின் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. அக்கா கேள்விப்பட்டது இந்தக் காசைத்தான்.

இதை மண் காக்கிற மானியம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. வரம்பு கட்டினாயா, வைக்கோலை எரித்தாயா, குளக்கரையைப் பிடித்து உழுதாயா என்று காசு கொடுக்கிறவர்கள் கேட்பதில்லை. ஆனால் மூட்டை கொடுத்ததை விட இது ஒரு படி மேல். இத்தனை பசளை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேதனப் பசளை போட விரும்புகிறவருக்கும் அதே காசு கைக்கு வருகிறது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். கமக்காரரின் கணக்கில் என்றோம் அல்லவா? யார் அந்தக் கமக்காரர்?

நம்முடைய தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்கு வந்து, மலைக்குப் போய், சொன்ன வேலையை முடித்தால் செக்ரோலில் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் நாளெல்லாம் மழையில் நின்றிருந்தாலும் சம்பளம் இல்லை. வயல் நாட்டிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அது கமநல சேவை நிலையத்தில் இருக்கிற விவசாயக் காணிப் பதிவேடு. அதில் இந்தக் கண்டத்துக்குச் சொந்தக்காரர் யார், பயிர் செய்கிறவர் யார் என்று எழுதியிருக்கும். மானியம் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் போகிறது. சேற்றில் யார் கால் இருக்கிறது என்று பார்த்துப் போவதில்லை.

மட்டக்களப்பில் பழைய முறை ஒன்று உண்டு. காணிக்குச் சொந்தக்காரர் போடியார். அவருடைய வயலைப் போகம் முழுவதும் வாடியில் தங்கிப் பார்த்துக்கொள்கிறவர் முல்லைக்காரர். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு. இன்றைக்கு அது குறைந்து, குத்தகை முறை கூடியிருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு நெல் அல்லது இவ்வளவு காசு என்று வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்கிறார்கள். ஒரு போகத்துக்கு ஒருவர், அடுத்த போகத்துக்கு இன்னொருவர்.

நாங்கள் போன இடத்தில் நம்முடைய பக்கத்திலிருந்து போன ஒரு குடும்பம் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறது. அண்ணன் வரம்பு செதுக்குகிறார், அண்ணி களை பிடுங்குகிறார், இரண்டு மாட்டுச் சாணியைச் சேர்த்துக் குழியில் போட்டு மக்கவைக்கிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் மண் சரியாமல் புல்லு வைத்திருக்கிறார்கள். மண் காக்கிற வேலை என்று சட்டத்தில் என்னென்ன சொல்லியிருக்கிறதோ அதையெல்லாம் செய்கிறார்கள். மூன்று ஏக்கருக்கு ஒரு போகத்து மானியம் 30,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல் வரும். அது காணிக்காரரின் கணக்கில் விழுகிறது. அவர் எழுவான்கரையில் இருக்கிறார். மோசமான மனிதர் அல்ல, அரைவாசியைக் கையில் கொடுத்தாராம். "கேக்காமலே குடுத்தாருங்க" என்று அண்ணி சந்தோஷமாகத்தான் சொன்னார். மற்ற அரைவாசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து கிழக்கின் வயல்கள் மூழ்கின. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா நட்டஈடு என்று அரசாங்கம் அறிவித்தது. அப்போதும் முதல் கேள்வி பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்பதுதான். விதைநெல்லுக்கும் உழவு மெசினுக்கும் கடன்பட்டவர் ஒருவர், பேர் இருக்கிறவர் இன்னொருவர் என்றால் கஷ்டம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரை எழுதிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சட்டம் எழுதச் சொல்கிறது. 1958இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்குச் செய்கிறவரை நினைத்தபடி எழுப்பிவிட முடியாது என்றது. அந்தப் பாதுகாப்பு இன்றைக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? 1958 சட்டம் வந்த கையோடு நாடெங்கும் பல ஆயிரம் பேரைக் காணிக்காரர்கள் வெளியே போட்டார்கள். பேர் பதிந்தால் காணி கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம். இன்றைக்கும் அந்தப் பயம்தான் வாய்ப்பேச்சுக் குத்தகைக்குக் காரணம். குத்தகைக்காரரும் பேரை எழுதுங்கள் என்று கேட்கமாட்டார். கேட்டால் அடுத்த போகத்துக்குக் காணி கிடைக்காது. அண்ணியின் சந்தோஷத்துக்குள் இந்தப் பயமும் இருக்கிறது.

இது இலங்கையில் மட்டும் நடப்பதல்ல. மண்ணைக் காக்க விவசாயிக்கு அரசாங்கம் காசு கொடுக்கிற முறையைப் பெரிதாகத் தொடங்கியது அமெரிக்கா. 1933இல் பருத்தி விலை விழுந்து கிடந்தது. விளைந்து நிற்கிற பருத்தியை உழுது அழித்துவிடு, காசு தருகிறோம் என்றது அரசாங்கம். ஒரு கோடி ஏக்கர் வரைக்கும் உழுது அழித்தார்கள். காசு காணிக்காரரின் கைக்குப் போனது. பங்குக்குப் பயிர் செய்த குடியானவர்களுக்கு அதில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பல இடங்களில் கொடுக்கவில்லை. அதற்கு மேல், செய்கிற நிலம் குறைந்துவிட்டதே, ஆள் எதற்கு என்று குடியானவர்களை வீட்டோடு எழுப்பிவிட்டார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சா மாநிலத்தில் டைரன்சா என்ற சின்ன ஊரில் 18 பேர் கூடினார்கள். 11 பேர் வெள்ளையர், 7 பேர் கறுப்பர். அந்தக் காலத்தில் அங்கே இரண்டு சாதியாரும் ஒரே அறையில் உட்காருவதே பெரிய காரியம். தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காணிக்காரரிடம் கிடக்கிற எங்கள் பங்குக் காசைக் கொடு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. 1936இல் அந்த மானியத்துக்கே மண் பாதுகாப்பு என்று பேரை மாற்றி, மண்ணை உறிஞ்சுகிற பயிரை விட்டு மண்ணைப் பிடிக்கிற பயிரை வை என்று காசு கொடுத்தார்கள். புழுதிப்புயல் அடித்து வயல் மண் பறந்துகொண்டிருந்த காலம் அது, திட்டம் தேவையானதுதான். 1985 முதல் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு நிலத்தைப் புல்லுக்கு விட்டுவைக்கவும் அங்கே காசு கொடுக்கிறார்கள். பயிர் செய்யாமல் இருக்கக் காசு என்றால் நம்முடைய பெரியவர்கள் சிரிப்பார்கள், உண்மைதான்.

சீனாவில் வேறு மாதிரி நடந்தது. 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. மலைச்சரிவை எல்லாம் உழுததால்தான் மண் ஆற்றில் இறங்கியது என்று கண்டு, 1999இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 25 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவில் சோளம் போடாதே, மரம் வை, புல்லு வை. சாப்பாட்டுக்கு என்ன செய்வாய்? தானியமாகவே தருகிறோம் என்றார்கள். யாங்சிப் பக்கம் நம்முடைய கணக்கில் ஏக்கருக்கு வருஷம் ஏறத்தாழ 900 கிலோ தானியம், கையில் கொஞ்சம் காசு. காட்டு மரம் என்றால் எட்டு வருஷம், பழமரம் என்றால் ஐந்து வருஷம். மூன்று கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அங்கே குறையே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நிலம் ஊருக்குப் பொது, அதைச் செய்கிற உரிமைச் சீட்டு ஒவ்வொரு குடும்பத்தின் பேரிலும் இருந்தது. மண்வெட்டி பிடித்த வீட்டுக்கே தானிய மூட்டை வந்தது.

மறுபடியும் வாவிக்கு வருகிறோம். வாவிக்கரையின் கண்டல் மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பாதுகாப்புக் காரணம் என்று வீதியோரக் கண்டல்களை வெட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, கண்டல் இருந்தால் கரை தாங்கும் என்று பல அமைப்புகள் காசோடு வந்து நாடு முழுவதும் கன்று நட்டார்கள். 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேயர் அளவில்தான் பிழைத்திருக்கிறது என்று சொன்னது. தப்பான இடத்தில் நட்டது ஒரு காரணம், நட்ட பிறகு பார்க்க ஆளில்லாதது இன்னொரு காரணம். நடுவதற்குக் காசு இருந்தது, காப்பதற்கு இல்லை. நம்முடைய மலையிலும் இதைப் பார்த்திருக்கிறோம், நிழல்மரக் கன்று நட்டுப் படம் பிடித்துப் போவார்கள், அடுத்த கோடையில் குச்சிதான் நிற்கும்.

2015இல் ஒரு திட்டம் வித்தியாசமாக வந்தது. அரசாங்கம் ஒத்துழைத்தது, காசு வெளியே இருந்து. சீக்கோலொஜி என்ற அமெரிக்க அமைப்பும் நம் நாட்டுச் சுதீச அமைப்பும் சேர்ந்து, களப்புக் கரைகளில் வாழும் 15,000 பெண்களுக்குத் தொழில் பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பது, அதற்குப் பதிலாக அவர்கள் தங்கள் ஊர்க் கண்டலை வெட்டாமல் காப்பது என்று ஏற்பாடு. காணி உறுதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. விறகுக்கும் நண்டுக்கும் யார் அந்தக் கரைக்குப் போகிறாரோ அவரைக் கூப்பிட்டார்கள். கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும், அதை மானியம் என்று மயங்கவேண்டாம். ஆனாலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து கூப்பிட்டார்கள்.

சரி, நம்முடைய மலை.

அக்கா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. மண்ணைக் காக்கிறதுக்குத் தேயிலையிலும் அரசாங்கக் காசு உண்டு, கனகாலமாக உண்டு. 1951லேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1950களின் கடைசியிலிருந்து பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு மானியம் கொடுக்கிறார்கள். அது முழுத்தொகையாக வராது, படிப்படியாகத்தான் வரும். கான் ஒழுங்காக வெட்டியிருக்கிறதா, மானாப்புல்லோ கௌத்தமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை இரண்டு வருஷம் மண்ணைத் தேற்றினார்களா, கன்று பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த தவணை. உண்மையில் வயல் காசை விட இதுதான் மண் காக்கிற மானியம் என்ற பேருக்குப் பொருத்தம். அந்தக் காசு காணியை வைத்திருக்கிறவர்களுக்குப் போகிறது. சிறுபற்றுநிலக்காரர் என்றால் தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவருக்குப் போகிறது. கான் வெட்டியவருக்கு அன்றைய பேர் விழுந்தது, அத்தோடு கணக்கு முடிந்தது. லயத்துக்குப் பின்னால் நீங்கள் போடுகிற கரட், லீக்ஸ் பாத்திக்கு உறுதி இல்லை, பதிவேட்டில் இடமும் பெரும்பாலும் இல்லை. ஆகவேதான் உங்கள் கணக்கில் காசு விழவில்லை. நீங்கள் வேலை செய்யாததால் அல்ல.

கூலிக்கு வேலை செய்த காலத்தில் இது ஒரு மாதிரி ஒத்துப்போனது. மலை கெட்டால் கம்பனிக்கு நட்டம், நமக்குப் பேர். ஆனால் இப்போது பல தோட்டங்களில் தேயிலை மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குடும்பங்களிடம் கொடுக்கிறார்கள். புல்லு வெட்டு, பசளை போடு, கொழுந்தெடு, கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்கிறார்கள். சில குடும்பங்களுக்கு அதனால் கை நிறைந்திருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. நேரமும் அவர்கள் கையில். ஆனால் இதில் நாம் படுவான்கரைக் குத்தகைக்காரரின் இடத்துக்கு வந்துவிடுகிறோம். மழையில் கான் உடைந்தால் அதைத் திரும்ப வெட்டுவது யார்? வெட்டுகிற நாளைக்குப் பேர் உண்டா, அல்லது கிலோக் காசுக்குள் அடங்கிவிட்டதா? மானாப்புல்லுப் போட்டுத் தேற்றுகிற இரண்டு வருஷம் கொழுந்து வராதே, அந்த இரண்டு வருஷம் குடும்பம் எதைச் சாப்பிடும்? புதுநடுகைக்கு மானியம் வந்தால் யார் பேரில் வரும்? பசளை விலை ஏறினால், 2021 மாதிரி இல்லாமலே போனால், யார் தலையில்? ஐந்து வருஷம் பாடுபட்டு மலையைத் தேற்றிய பிறகு பகுதியைத் திருப்பிக் கேட்டால் என்ன கிடைக்கும்?

கணவன் பேரில் மட்டும் எழுதுகிறார்களா, மனைவி பேரும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கொழுந்தெடுக்கிற கை யாருடையது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அண்ணன்மார் கோபிக்கக் கூடாது.

நம்முடைய தம்பிமார் சிலர் கிழக்கில் குத்தகைக்கு வயல் எடுக்கப் போகிறோம் என்கிறார்கள். போங்கள், தடுக்கமாட்டோம், அது நல்ல பூமி. ஆனால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். பதிவேட்டில் எழுதக் காணிக்காரர் சம்மதிக்காவிட்டாலும், மானியமும் நட்டஈடும் வந்தால் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். சட்டம் கொடுக்கிற முழுப் பாதுகாப்பு அதில் வராது, ஆனாலும் பேச்சு மாறினால் காட்டுவதற்கு ஒரு தாள் கையில் இருக்கும். அல்லது வரப்போகிற மானியத்தைக் கழித்துக்கொண்டு குத்தகையைப் பேசுங்கள். அந்த ஊர்க் கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். இந்தக் கண்டத்தைச் செய்கிறவர் இவர்தான் என்று ஊர் அறிந்தால் பிறகு பேசுவது கொஞ்சம் லேசு.

தேயிலைப் பகுதி எடுக்கச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிற வீடுகள் நம்மிடம் இருக்கின்றன என்று தெரியும். சில தாள்கள் இங்கிலீசில், சில சிங்களத்தில். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே இடத்துக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் வாசித்துச் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது சொன்ன கேள்விகளுக்கு அந்தத் தாளில் பதில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்ப்போம். இல்லாதவற்றை எழுதித் தோட்ட நிர்வாகத்திடமும் சங்கங்களிடமும் எல்லோருமாகக் கொடுப்போம். கையெழுத்து வைத்தவர்களும் வரலாம். வைக்காதவர்கள், அதுவரைக்கும் வைக்க வேண்டாம். கைப்பிள்ளை உள்ள தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வாருங்கள், ஆயம்மா இருப்பார்.